வீட்டில் ஒரு சிவப்பு பீஸ்

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மிக்ஸி போடக் கூடாது. டிவி கூடாது. குழாயைத் திறந்தால் நூல் மாதிரி தண்ணீர் விழ வேண்டும். தும்மல் வந்தால் மொட்டை மாடிக்குப் போய்த் தும்மிவிட்டு வர வேண்டும். படுக்கையறைக் கதவு உள்பக்கம் தாழிட்டிருக்கிறது. உள்ளே என் மனைவி கோகிலவாணி பரீட்சை எழுதுகிறாள்.

அசல் பரீட்சை இல்லை, ஒத்திகை. அதற்கே இந்தப் பாடு என்றால் அசலன்று என்னை உக்கடம் குளத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விடுவாள் என்று நினைக்கிறேன்.

மோட்டார் கம்பெனிக்காரன் புது வருஷத்துக்குக் கொடுத்த இந்த டைரியில் இதுவரை எந்த பம்பு எந்தத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தது என்பதை மட்டும்தான் எழுதியிருக்கிறேன். இன்று சத்தம் போடாமல் செய்யக்கூடிய வேலை வேறு ஒன்றும் அகப்படவில்லை. ஆகவே இலக்கியம்.

நான் நாச்சிமுத்து. வயது ஐம்பத்தொன்று. காந்திபுரத்தில் மோட்டார், பம்புக் கடை. எங்கள் வியாபாரிகள் சங்கத்தின் மாதப் பத்திரிகையில் கடைசிப் பக்க நகைச்சுவை என் பொறுப்பு. முதல் பக்கத்துத் தலைவர் உரையிலிருந்தே எல்லோரும் சிரித்துக்கொண்டு வருவதால் என் பக்கத்தை யாரும் தனியாகக் கவனிப்பதில்லை.

கோகிலாவுக்கு நாற்பத்து நான்கு. கணபதியில் பம்பு உறுப்புகளை லேத்தில் கடையும் ஓர் ஆலையில் தரக் கட்டுப்பாடு முழுவதும் அவள் கையில். அவளுடைய முதலாளி ஒரு குண்டைப் போட்டிருக்கிறார். பெங்களூரில் பெரிய பிசினஸ் ஸ்கூல் ஒன்றில், வேலை பார்த்த அனுபவம் உள்ளவர்களுக்கு ஒரு வருஷப் படிப்பு இருக்கிறதாம்; அதில் சேரத்தான் இந்தப் பரீட்சை. "போய்ப் படிச்சுட்டு வாங்கம்மா, ஆலையையே உங்க கையில குடுத்தர்றேன்" என்றிருக்கிறார். இந்த வருஷம் மட்டும்தான். அடுத்த வருஷம் அவருடைய மருமகன் அமெரிக்காவிலிருந்து வந்து இறங்குகிறார். அதற்கப்புறம் ஆலையில் யார் பேச்சு எடுபடும் என்று முதலாளிக்கே தெரியாது.

நான் முழு ஆதரவு. யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்கிறேன். மகன் முகிலன் திருச்சி விடுதியில். இவளும் போனால் வீட்டில் நானும் பிரிட்ஜும்தான். அது அதிகம் பேசாது. சமாளிக்கலாம்.

கதவு திறந்தது. எண்ணூறுக்கு 515. இந்தப் பரீட்சையில் மார்க் இருநூறில்தான் ஆரம்பிக்கிறது. சும்மா போய் உட்கார்ந்து எழுந்து வந்தாலும் இருநூறு உண்டு. என் பள்ளிக்கூடத்தில் இந்த ஏற்பாடு இருந்திருந்தால் நான் இன்று கலெக்டர். பெங்களூர்க் கதவைத் தட்டக் கோகிலாவுக்கு 640 வேண்டும்.

ஆகஸ்ட் 14

பழைய பதிப்பு என்று அவள் ஒதுக்கிப் போட்ட தடிப் புத்தகத்தைக் கடைக்கு எடுத்துப் போனேன். மின்விசிறிக் காற்றில் பில்கள் பறக்கின்றன. மேலே வைக்கப் பாரமாக ஒன்று வேண்டும்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

595! திரையில் பலூன்கள் கிளம்பிப் பறந்தன. பயிற்சி கொடுக்கும் கம்பெனியிலிருந்து போனுக்குச் செய்தியும் வந்தது: "வாழ்த்துகள் கோகிலவாணி! நீங்கள் பிறவித் தலைவர்!" உடனே ஆறுச்சாமிக்குப் போன் போட்டுச் சொன்னேன். ஆறுச்சாமி நூல் வியாபாரி, சங்கத்தின் செயலாளர், பள்ளிக்கூடத்திலிருந்தே என் சிநேகிதன். ஒரு விஷயத்தை அவனிடம் மட்டும் சொன்னால் போதும், தண்டோரா செலவு மிச்சம்.

கோகிலா பலூனைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

"நம்ம பீஸ் நல்லாருக்குதுன்னு அதை வாங்கறவன் சொல்லணுமுங்க. விக்கறவனே பலூன் உட்டா எனக்குச் சந்தேகம்தான் வருது."

"அவனுக்கு என்ன லாபம்?"

"அடுத்த அஞ்சு பரீட்சையை நான் வாங்கோணுமில்ல?"

அவளுக்கு இன்னொரு வருத்தமும் இருக்கிறது. பரீட்சை நடத்துகிறவர்களே இரண்டு ஒத்திகைகள் தருகிறார்கள். அசலுக்கு மிகவும் நெருக்கமானவை அவைதானாம். புத்தகத்தைத் திறக்கும் முன்பே, எப்படித்தான் இருக்கும் பார்ப்போம் என்று அந்த இரண்டையும் எழுதித் தீர்த்துவிட்டாள். விருந்துக்குச் சுட்ட முறுக்கை, வெந்ததா பார்க்கிறேன் என்று அடுப்படியிலேயே தின்று தீர்த்த கதை. மறுக்கா எழுதினால் அதே கேள்விகள் வரும். மார்க் ஏறும், அதற்கு அர்த்தம் இருக்காது. இனி கையில் இருப்பது இந்த பலூன் கம்பெனி மட்டுமே.

செப்டம்பர் 3

கடையில் பில் போடும் ருக்மணியம்மா கேட்கிறார்: "ஏனுங் மொதலாளி, சாப்பாட்டு நேரத்துலகூட என்னமோ கணக்குப் போட்டுட்டே இருக்கறீங்?"

ஜி.எஸ்.டி. என்றேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

என் மனைவியைப் பற்றி இன்று கொஞ்சம் பெருமை அடித்துக்கொள்ளப் போகிறேன். டைரி என்னுடையது, யார் கேட்பது?

அசல் பரீட்சை மத்தியானம் பன்னிரண்டரைக்கு நடக்கும். அதனால் ஒத்திகையும் பன்னிரண்டரைக்கே. பரீட்சைக் கூடத்தில் தின்ன முடியாது, அதனால் காலையில் சாப்பிட்ட இரண்டு இட்லியோடு சரி. நடுவில் நிறுத்தி வைக்கத் திரையில் ஒரு வசதி இருக்கிறது; ஊரெல்லாம் அதை அமுக்கிவிட்டு காபி குடித்து வருகிறதாம், அவள் அந்தப் பக்கம் சுட்டியைக் கொண்டுபோவதே இல்லை. கூடத்தில் பக்கத்து ஆள் கீபோர்டைப் படபடவென்று தட்டுவான், அதற்கும் பழக வேண்டும் என்றாள். எனக்கு வேலை கிடைத்தது. கடையிலிருந்து பழைய கீபோர்டைக் கொண்டுவந்து, எதிலும் செருகாமல், அவள் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் தட்டினேன். நடுவில் இருமலும் சேர்த்துக்கொண்டேன், இலவசமாக.

"இருமல் போதுமுங்க. அத்தனை சீக்காளியை அங்க உள்ளயே உட மாட்டாங்க."

635 வந்தது. எனக்குத் துள்ள வேண்டும் போலிருந்தது. அவளோ கேள்விகளை மறுபடி ஒவ்வொன்றாகப் பார்த்து, இரண்டு கேள்விகள் ஏற்கெனவே எங்கேயோ பார்த்தவை என்று கண்டுபிடித்தாள். "ஞாபகத்துல போட்டதை மார்க்குல சேர்க்கக் கூடாதுங்க. 620ன்னே வெச்சுக்கலாம்."

தனக்கு வந்த மார்க்கைத் தானே குறைத்துக்கொள்ளும் பிறவியை நான் வேறெங்கும் கண்டதில்லை. எங்கள் சங்கத்தில் கோல்ப் ஆடி, அடித்த அடிகளைக் குறைத்துச் சொல்லியே ஜெயிக்கிறவர்கள் இவளிடம் ஒரு வாரம் பயிற்சி எடுக்கலாம்.

செப்டம்பர் 28, ஞாயிறு

665. நான் மைசூர்பாகு வாங்கி வந்துவிட்டேன். ஆறுச்சாமி சங்கத்தின் வாட்சப்பில் மாலை போட்ட அவள் படத்தை ஏற்றிவிட்டான். மாலை போட்ட படம் வேறு அர்த்தம் தரும் என்று நான் சொன்ன பிறகு மாலையை மட்டும் எடுத்தான்.

கோகிலா மைசூர்பாகைத் தொடவில்லை. முதலாளி கேட்டிருக்கிறாராம்: "640 வருமா வராதா, உங்க வாயால சொல்லுங்கம்மா. வருமுன்னா நான் குடும்பத்துல பேசி முடிச்சர்றேன்." அக்டோபர் பதினைந்துக்குள் பரீட்சைத் தேதி பதிந்தால்தான் விண்ணப்பத்துக்கு மார்க் போய்ச் சேரும். ஒரு தடவை எழுதத்தான் நேரம் இருக்கிறது.

"665 வந்திருக்குது. வருமுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"அது 665ன்னு பலூன்காரன் சொல்றானுங்க. ஏனுங்க, எங்க ஆலையில காத்தால ஷிப்ட் ஆரம்பிச்சதும் முதல்ல என்ன பண்ணுவோம் தெரியுமுங்களா?"

"டீ குடிப்பீங்க."

"கம்முனு கேளுங்க. கெட்டுப்போனதுன்னு நல்லாத் தெரிஞ்ச ஒரு பீஸை எடுத்து, சிவப்புப் பெயின்ட் அடிச்சு வெச்சிருப்போம். முதல்ல அதைத்தான் கேஜுல வெச்சு அளப்போம். கேஜ் அதை வேண்டாமுன்னு தள்ளுச்சுன்னா கேஜ் ஒழுங்கா இருக்குது, வேலையை ஆரம்பிக்கலாம். அதையே நல்ல பீஸுன்னு உள்ள உட்டுதுன்னு வெச்சுக்கங்க, கேஜ் கெட்டுப் போச்சு. அது அளந்தது ஒண்ணையும் நம்ப முடியாது. லாரியைக் கேட்லயே நிறுத்திருவேன்."

"சரி. அதுக்கு இப்ப என்ன?"

அவள் என்னையே பார்த்தாள். பெண் பார்க்கப் போன அன்றுகூட என்னை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

"நமக்கும் ஒரு சிவப்பு பீஸ் வேணுமுங்க. இந்தப் பரீட்சைக்கு ஒரு எழுத்துக்கூடப் படிக்காத ஆளா இருக்கோணும். ஆனா இங்கிலீஷ் வாசிக்கத் தெரியோணும், உட்கார்ந்து ஒழுங்கா எழுதோணும்."

இருபத்து மூன்று வருஷ இல்லறத்தில் எனக்கு இப்படி ஒரு தகுதிச் சான்றிதழ் கிடைத்ததில்லை. அடுத்த ஞாயிறு எனக்குப் பரீட்சை.

அக்டோபர் 1

கடையில் ஆயுத பூஜை. திருகுளி, ஸ்பேனர், மீட்டர், புதிதாக வந்த இரண்டு குதிரைத்திறன் மோட்டார் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்த ருக்மணியம்மா, அந்தத் தடிப் புத்தகத்துக்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டார்.

"அது எதுக்குங்க?"

"நீங்க தெனமும் தொட்டுப் பண்ற தொழில் இதுதானுங்ளே?"

வயதாகிவிட்டது அவருக்கு. கண் சரியில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

எழுதினேன்.

தெரிந்ததைப் போடுங்க, தெரியாததை ஊகிங்க என்று சொல்லிவிட்டுக் கோகிலா கதவைச் சாத்தினாள். இந்தத் தடவை சமையலறையில் சத்தமில்லாமல் நடமாடியது அவள். எனக்கு அது பிடித்திருந்தது.

ஒன்றும் தெரியாமல்தான் போட்டேன். விரல் தானாகப் போனது. உதாரணத்துக்கு ஒன்று: ஒரு நகரத்தில் ஹெல்மெட் சட்டம் வந்ததும் ஆஸ்பத்திரியில் தலைக்காயத்தோடு சேருகிறவர்கள் அதிகமானார்கள், ஆகவே சட்டம் தோல்வி என்கிறார் மேயர். இதை எது பலவீனப்படுத்தும்? இரண்டாவது விடை பார்க்க லட்சணமாக இருக்கும், அது பொறி. முன்பெல்லாம் அந்த இடத்திலேயே செத்துப்போனவர்கள் இப்போது பிழைத்து ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள் என்பது நான்காவது. அதுதான் விடை. இது யாருக்கும் தோன்றக்கூடியதே. அப்புறம் விகிதக் கணக்குகள். அவற்றில் விடையிலிருந்து பின்னோக்கி வந்தால் நேரம் மிச்சம். இதுவும் ஊரறிந்தது.

தப்புத் தப்பாகப் போட்டுவிட்டு எழுந்து வந்திருக்கலாம். அந்த யோசனை ஒரு கட்டத்தில் வந்தது. ஆனால் அடுத்த கேள்வி ரயில் கணக்கு. ரயில் கணக்கை அப்படியே விட்டுவிட்டு எப்படி எழுந்து வருவது?

515. பலூன் பறந்தது. "வாழ்த்துகள் கோகிலவாணி!" என்றது. அவளுடைய கணக்கில் எழுதியதால் பெயர் அவளுடையது.

நான் கைதட்டினேன். அவள் தட்டவில்லை.

அக்டோபர் 6

ஆறுச்சாமிக்கு, ருக்மணியம்மாவுக்கு, போர்வெல் போட வந்தவருக்கு, பேக்கரியில் பக்கத்தில் நின்றவருக்கு எல்லாம் என் மார்க்கைச் சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்தால் கோகிலா காகிதத்தில் கோடு போட்டுக்கொண்டிருக்கிறாள்.

"ஒண்ணுமே படிக்காத ஆளுக்கு 515 குடுக்குதுங்க. நானும் முதல்ல எடுத்தது அதே 515தான். அப்ப அது சும்மாவே குடுக்கற மார்க்கு. அதுக்கு மேல ஏறுனதுல எத்தனை நெசம், எத்தனை பலூன்னு எப்படிச் சொல்றது?"

"எனக்குக் கொஞ்சம் மூளை இருக்குமுன்னு உனக்குத் தோணலையா?"

"மூளை இருக்குதுங்க. ஆனா அது பரீட்சைக்குப் பழகாத மூளை. கேஜ் சிவப்பு பீஸை உள்ள உட்டுருச்சு. அவ்வளவுதான். அளவு தெரியாத சரக்கை நான் லாரியில ஏத்த மாட்டேன். அடுத்த திங்கக்கிழமை முதலாளிகிட்ட, வருமுன்னு என்னால சொல்ல முடியாதுன்னு சொல்லிர்றேன்."

அழவில்லை, புலம்பவில்லை. புத்தகங்களை அடுக்கி, மேலே துண்டைப் போட்டு மூடினாள். ஆலையில் கெட்டுப்போன கருவியை அப்படித்தான் மூடி வைப்பார்கள் போலிருக்கிறது.

அக்டோபர் 8

ரொம்ப நாளைக்கப்புறம் சேர்ந்து உட்கார்ந்து டிவி பார்த்தோம். பச்சைப் பயறு கடைந்து, ராகிக் களி. மிக்ஸி தாராளமாக ஓடுகிறது. வீடு வீடாக இருக்கிறது. நான் சந்தோஷமாக இருக்கிறேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

அக்டோபர் 10

அன்னூர்க்காரருக்கு அனுப்ப வேண்டிய மோட்டாரைச் சூலூருக்கும் சூலூர்க்காரருடையதை அன்னூருக்கும் அனுப்பிவிட்டேன். இரண்டு பேரும் என் பரம்பரையைப் பற்றிப் போனில் விசாரித்தார்கள்.

காலையில் கோகிலா ஆலைக்குக் கிளம்பும்போது, "திங்கக்கிழமை எந்தச் சேலை கட்டலாமுங்க?" என்று கேட்டாள். ஒரு விஷயத்தை வேண்டாம் என்று சொல்லப் போவதற்குக்கூட நல்ல சேலை கட்டிப் போகிற பெண்பிள்ளை. நீலம் என்றேன். சாப்பாட்டு நேரத்தில் பசிக்கவில்லை. தடிப் புத்தகத்தையும் திறக்கவில்லை. அதாவது, பில்கள் மேலிருந்து எடுக்கவில்லை.

சாயங்காலம் ஆறுச்சாமிக்குப் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு வரச் சொன்னேன். நாட்டுக்கோழி. வேறு காரணம் ஒன்றுமில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

ஆறுச்சாமி சபாரி சட்டையில் வந்தான். "ஏண்டா, சும்மா கூப்பிட மாட்டியே. யாருக்கு ஜாமீன் கையெழுத்து?"

"உன்ற பி.காம். யுனிவர்சிட்டி ரேங்க் எத்தனாவது?"

"பதினோராவது. ஊருக்கே தெரியும்."

"நான் பி.எஸ்ஸி.யில ரெண்டு பேப்பர் அரியர். எனக்கே 515. உனக்கு எவ்வளவு வரும்?"

"அறுநூறுக்குக் குறைஞ்சா எம் பேரை மாத்திக்கறேன்டா."

கோகிலா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அண்ணனை எதுக்குங்க போட்டு வாட்டறீங்க?"

"இன்னொரு பீஸ் வெச்சுப் பாரு. ஒரே பீஸை வெச்சா கேஜைக் கழிப்பாங்க?"

அவளுக்கு அது பிடித்துவிட்டது. முறைப்படி யோசித்துப் பேசும் எவனையும் அவளுக்குப் பிடிக்கும், அது நானாக இருந்தாலும். ஆறுச்சாமியை உள்ளே உட்கார வைத்துக் கதவைச் சாத்தினாள். சட்டையின் மேல் பட்டன்வரை போட்டுக்கொண்டு உள்ளே போனவன், எல்லாப் பட்டனையும் கழற்றிவிட்டுத் துண்டால் முதுகைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான்.

245. பலூன் பறக்கவில்லை. "அடிப்படைகளிலிருந்து தொடங்குவோமா?" என்று ஒரு வாசகம் மட்டும் வந்தது.

"கம்ப்யூட்டர்ல கோளாறுடா."

"அண்ணா, நெசமாலுமே ரோசிச்சுத்தான் போட்டீங்களா?" என்றாள் கோகிலா.

"பின்ன என்ன கண்ணு! ஒரு கணக்குக்குக் கால்விரலையும் சேத்து எண்ணுனேன்."

"சாமிண்ணா, நீங்க எனக்குப் பெரிய உபகாரம் பண்ணியிருக்கறீங்க" என்று அவனுக்கு ஈரலாகப் பார்த்து வைத்தாள். ஏன் என்று அவனுக்குப் புரியவில்லை; ஈரல் வந்த பிறகு புரிந்து என்ன ஆகப் போகிறது? மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, இந்த மார்க்கு இந்த வீட்டுப் படி தாண்டக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு போனான். டைரி வீட்டுக்குள்தான் இருக்கிறது.

அவன் வண்டி தெருமுனை திரும்பியதும் கோகிலா நாற்காலியை எனக்கு எதிரே இழுத்துப் போட்டாள்.

"கேஜ் ஒழுங்காத்தான் இருக்குதுங்க. அண்ணனைத் தள்ளிருச்சு."

"நல்லதாப் போச்சு."

"அப்ப உங்களை எப்படி உள்ள உட்டுது?"

நான் அன்றைய பேப்பரை எடுத்துப் பிரித்தேன்.

"ஒரு கேள்வி சொல்றேன். எங்க ஆலையில லேட்டா வர்றவங்க எல்லாரும் டவுன் பஸ்ஸுல வர்றவங்க. அதனால பஸ்ஸுல வர்றவங்களுக்கு ஆலையே வேன் உட்டா யாரும் லேட்டா வர மாட்டாங்க. இதுல என்ன ஓட்டை?"

"அது எப்படிச் சொல்ல முடியும்? லேட்டா வர்றவன் எல்லாம் பஸ்ஸுல வர்றான்னா பஸ்ஸுதான் காரணமுன்னு ஆயிருமா? பஸ்ஸுல வர்றவன் வீடு தூரமா இருக்கலாம், அப்ப வேன்ல வந்தாலும்..."

அங்கேதான் வாயை மூடினேன். ரொம்பத் தாமதம்.

"எத்தனை நாளாப் படிக்கறீங்க?"

"ஆகஸ்ட்ல இருந்து. சாப்பாட்டு நேரத்துல மட்டும்."

"அந்தப் பழைய புக்கா? பில்லு மேல வைக்கறதுக்குன்னு எடுத்துட்டுப் போனீங்களே?"

"பில்லு மேலயும் வெச்சேன்."

"எதுக்குங்க?"

"நீ பெங்களூர்ல இருந்து போன் போட்டு, இன்னைக்கு இப்படி ஒண்ணு சொல்லிக் குடுத்தாங்கன்னு சொல்லுவே. நான் எத்தனை நாளைக்கு 'அப்படியா, அப்படியா'ன்னே கேட்டுட்டிருக்கறது? எதுத்து ஒரு கேள்வி கேட்க வேண்டாமா?"

அவள் முகத்தில் என்னவோ வந்து போயிற்று. அப்புறம் கேட்டாள்: "அதை அஞ்சாந்தேதியே சொல்லியிருந்தா நான் வார முச்சூடும் இப்படி உட்கார்ந்திருக்க மாட்டனே. ஏனுங்க சொல்லலை?"

அதற்கும் நான் பதில் சொன்னேன், பிரிட்ஜில் ஆரம்பித்து. அதை இங்கே எழுதப் போவதில்லை. ஆறுச்சாமி என்றைக்காவது இந்த டைரியைப் படிப்பான்.

கோபிப்பாள் என்று பார்த்தேன். கோபித்தாள், என்னைத் திட்டினாள், நன்றாகத் திட்டினாள், அவளுடைய அப்பாவின் பாஷையில் திட்டினாள். திட்டிக்கொண்டே துண்டை விலக்கிப் புத்தகங்களுக்கு நடுவிலிருந்து அந்தக் காகிதத்தை உருவி, என்னை ஒரு புள்ளியாகக் குறித்தாள். ஆறுச்சாமியை வேறொரு புள்ளி. படிக்காதவனுக்கு 245, சோற்று நேரத்தில் படித்தவனுக்கு 515, ஒழுங்காகப் படித்தவளுக்கு அதற்கு மேல். பலூன் வேறு, அளவு வேறு, பலூனைக் கழித்துவிட்டால் அளவு சரி என்றாள். கடைசி இரண்டு ஒத்திகையில் ஞாபகத்தில் போட்டதைக் கழித்து, இனிமேல் படிக்கப்போவதைக் கூட்டிப் பார்த்து, "640க்கும் 670க்கும் நடுவுல வரோணும்" என்றாள். ஒரு மனிதன் செய்த களவாணித்தனத்தைக் கணக்கில் சேர்த்து அதிலிருந்து ஓர் உண்மையை எடுக்க இந்த ஊரில் இவள் ஒருத்தியால்தான் முடியும்.

சட்டியில் ஒரே ஒரு கோழித்துண்டு மிச்சமிருந்தது. அதை என் தட்டில் வைத்தாள். அதற்குள் என்னைத் திட்டி முடித்திருக்கவில்லை.

அக்டோபர் 13

நீலச் சேலையிலேயே போய், "வருமுங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். முதலாளி எழுந்து நின்றாராம். பரீட்சை நவம்பர் எட்டு. பதிந்தாயிற்று.

தடிப் புத்தகத்தை வீட்டுக்கே கொண்டுவரச் சொன்னாள். அட்டையில் சந்தனத்தைப் பார்த்து, "இது என்னங்க?" என்றாள். "ருக்மணியம்மாவுக்குக் கண் நல்லாத் தெரியுது" என்றேன்.

அக்டோபர் 20

தீபாவளி. முகிலன் வந்திருக்கிறான். அம்மாவுக்கு விகிதக் கணக்கில் நேரம் எப்படி மிச்சம் பிடிப்பது என்று நான் விளக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, எனக்குக் காய்ச்சலா என்று தொட்டுப் பார்த்தான்.

நவம்பர் 8

பரீட்சைக் கூடத்துக்கு எதிரே ஜூஸ் கடை. அங்கே ஒரு சாத்துக்குடிச் சாற்றை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்காரலாமோ அவ்வளவு நேரம் உட்கார்ந்தேன். அதற்கு மேல் உட்கார இன்னொன்று. உள்ளே யாரோ அவள் பக்கத்தில் கீபோர்டைத் தட்டிக்கொண்டிருப்பான். என்னளவு நன்றாகத் தட்ட மாட்டான்.

வாசலில் வந்தாள். முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. ரோட்டைத் தாண்டும் வரை நிதானமாக வந்தவள், என் முன்னால் வந்ததும் என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் அவள் என் கையைக் குலுக்கியதில்லை.

"645!"

"வேணுங்கறது வந்துருச்சு!"

"அது இருக்கட்டுமுங்க. 640க்கும் 670க்கும் நடுவுலன்னு சொன்னனா இல்லையா? சொன்ன அளவுக்குள்ள வந்து நிக்குது பாருங்க!"

மற்றவர்கள் மார்க்குக்காகக் குதிப்பார்கள். இவள் அளவு சரியாக இருந்ததற்காக அவினாசி ரோட்டோரத்தில், ஜூஸ் கடைக்காரர் பார்க்க, குதிகாலில் எழும்பி எழும்பி நின்றாள். எழும்பும்போது நாற்பத்து நான்கு வயதாகத் தெரியவில்லை. கீழே இறங்கும்போதும் தெரியவில்லை.

ஜூஸ் கடைக்காரர், "அம்மாவுக்கு வேலை கெடைச்சிருக்குதுங்களா?" என்றார்.

"இவங்களுக்கு எதுக்கு வேலை? இவங்கதான் மத்தவங்களை வேலையில வெச்சிருக்காங்க" என்றேன். அவர் என்னையும் இவள் வேலைக்கு வைத்திருக்கிற ஆள் என்று நினைத்துக்கொண்டார். தப்பில்லை.

நவம்பர் 9

ஒன்றுமில்லை. மிக்ஸி போட்டேன்.

டிசம்பர் 28, ஞாயிறு

இடம் கிடைத்துவிட்டது. ஏப்ரலில் வகுப்பு. நேர்காணலில் அவளைக் கேட்ட கேள்விகளை ரயிலில் திரும்பி வரும்போது முழுவதும் சொல்லிக்கொண்டு வந்தாள். நான் ஒரு தடவைகூட 'அப்படியா' என்று சொல்லவில்லை. இரண்டு இடத்தில் எதிர்த்துப் பேசினேன். அதில் ஒன்றை ஒப்புக்கொண்டாள்.

இன்று கிராஸ்கட் ரோட்டில் பெட்டி வாங்கப் போனோம். விற்கிற பெண் இரண்டு பெட்டிகளை இழுத்து வந்து நிறுத்தினாள். ஒன்று சின்னது, இரண்டு நாள் சாமான் பிடிக்கும். இன்னொன்று ஒரு வருஷத்தையே மடித்து வைத்துக்கொள்ளும் போல இருந்தது.

கோகிலா சின்னதன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "வாரா வாரம் வந்துருவனுங்க. இது போதுமுங்களா?"

"பெரிசையே எடு" என்றேன். இரண்டு தடவை சொல்ல வேண்டியதாயிற்று. இரண்டாவது தடவை, சின்னதை அவள் கையிலிருந்து வாங்கி ஓரமாக வைத்துவிட்டுச் சொன்னேன்.